பங்குனியில் காட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டு இருந்தேன். சென்னையிலிருந்து என் தங்கச்சி மகன் போன் பண்ணினான். “மாமா, பங்குனிக் கடைசியில நாலு நாள் லீவு போடறோம். நானும் ஃப்ரெண்ட்ஸ் அஞ்சு பேரும். காட்டுக்கு வர்றோம்” என்றான்.

எனக்கு ஒரே சந்தோசம். எங்கள் கொங்குப் பக்கம் காடு என்றால் வானம் பார்த்த நிலம். கிணற்றுத் தண்ணி பாய்ந்தால் தோட்டம், நெல் விளைந்தால் வயல், மழையை நம்பிக் கொள்ளும் எள்ளும் விதைத்தால் காடு. ‘காட்டுக்குப் போறேன்’ என்று ஒருத்தர் சொன்னால் களை வெட்டப் போகிறார் என்று அர்த்தம். பையன் ஒத்தாசைக்குத்தான் வருகிறான் என்று நினைத்து, “வா கண்ணு, மஞ்சள் வேகவெக்கிற வேலை கெடக்குது” என்றேன்.

அவன் சிரித்தான். “அந்தக் காடு இல்லை மாமா. ஃபாரஸ்ட். டென்ட் போட்டுத் தங்கப் போறோம்.”

அப்புறம் வாட்ஸப்பில் முழுத் திட்டத்தையும் அனுப்பி வைத்தான். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல். அங்கிருந்து மேட்டூர், அந்தியூர். பர்கூர் மலை ஏறி, கர்கேகண்டி தாண்டிக் கர்நாடகா. கொள்ளேகால், சாம்ராஜ்நகர் சுற்றி, ஆசனூர், திம்பம் வழியாகப் பண்ணாரிக்கு இறங்கி ஊர் திரும்புவது. நாலு ராத்திரி. நாலும் காட்டுக்குள், ஓடையோரமாகப் பார்த்து டென்ட். பெட்ரோல் எங்கே போடுவது, போன் டவர் எங்கே கிடைக்காது, யார் அடுப்பு கொண்டுவருவது, யார் ஸ்பீக்கர் கொண்டுவருவது எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தான். நான் விதைப்புக்குக்கூட இவ்வளவு கணக்குப் போட்டது இல்லை. கீழே ஒரு வரி: “மாமா, உங்க ஏரியாவுல நல்ல ஓடையா ஒண்ணு சொல்லுங்க.”

அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. அவனுக்கு மட்டும் சொன்னால் ஆறு பேருக்குத்தான் போகும். இந்த மாதிரி திட்டம் போட்டுக்கொண்டு இருக்கிறவர்கள் இதைப் படிக்கிறவர்களிலேயே சிலர் இருப்பீர்கள். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகலில் வாங்க, ரோட்டோடு போங்க, நல்லாப் பாருங்க. ராத்திரிக்கு ஊருக்குள் வந்து படுத்துக்கொள்ளுங்க. காட்டில் ராத்திரி நமக்கு உரியது இல்லை. பங்குனியிலும் சித்திரையிலும் கண்டிப்பாக இல்லை.

ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் அந்தியூருக்கு மேலே மலையடிவாரத்தில் இருக்கிறது. மூணே முக்கால் ஏக்கர். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டித்தடம், அதைத் தாண்டினால் ரிசர்வ் காடு. தோட்டத்திலிருந்து முக்கால் கிலோமீட்டரில் ஒரு பள்ளம் ஓடுகிறது. வெளியூர்க்காரர்களுக்கு: பள்ளம் என்றால் எங்கள் பக்கம் ஓடை. மாசி பிறந்தால் மேலே எல்லா இடமும் காய்ந்துவிடும். இந்தப் பள்ளத்தில் மட்டும் பாறைக்கு அடியில் ஒரு மடு. வெயில் காலம் பூராவும் அதில் தண்ணி நிற்கும்.

போன வருசம் பங்குனியில் ஒரு சனிக்கிழமை, ரெண்டு காரில் பசங்க வந்தார்கள். எங்கள் வீட்டில்தான் நிறுத்தித் தண்ணி வாங்கிக் குடித்தார்கள். நல்ல பசங்க, மரியாதையாகப் பேசினார்கள். மடுவுக்குப் பக்கத்தில் மணல் திட்டில் மூணு டென்ட் போட்டார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கணும். விருந்தாளி மாதிரி வந்தவர்களை எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன். என் மேலும் தப்பு இருக்கிறது.

பொழுது விழுந்ததும் நெருப்பு மூட்டினார்கள். பாட்டு வைத்தார்கள். சத்தம் ரொம்பவும் இல்லை, ஆனால் மலையில் சின்னச் சத்தமும் தூரமாகப் போகும். பதினோரு மணி வாக்கில் மேல்காட்டில் கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. யானைக் கூட்டம் தண்ணிக்கு இறங்கி வருகிறது. பாதி வழியில் நின்றுவிட்டது. முன்னால் நெருப்பு, வெளிச்சம், மனுச வாடை. ஒரு மணி நேரம் நின்று பார்த்திருக்கும். கூட்டத்தில் குட்டி வேறு. ஒரு யானைக்கு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேலேயே தண்ணி வேணும். அது என்ன செய்யும்? தண்ணி வாடை வேறு எங்கே வருகிறதோ அங்கே திரும்பும். என் தோட்டத்துத் தொட்டிக்குத் திரும்பியது.

வண்டித்தடத்து வேலி போனது. தொட்டிக்குப் போகிற குழாய் போனது. தண்ணி குடித்த கையோடு வாழையில் இறங்கியது. கதலி, குலை தள்ளுகிற பருவம். விடிந்து எண்ணிப் பார்த்தேன், நூற்றி நாப்பத்தி மூணு மரம். குருத்தைத் தின்றது பாதி, மிதிபட்டது பாதி. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் டார்ச் எடுத்துக்கொண்டு எனக்குத் துணைக்கு ஓடி வந்தவர், இருட்டில் கிணற்று மேட்டில் சறுக்கி விழுந்து கை முறிந்தது. எழுபது வயதில் முறிந்த கை சரியாகக் கூடவில்லை. இன்றைக்கும் அவரால் மண்வெட்டி பிடிக்க முடியாது.

காலையில் அந்தப் பசங்க நல்லபடியாக டென்ட்டைச் சுருட்டினார்கள். குப்பை எல்லாம் ஒரு பையில் அள்ளிக் கட்டி எடுத்துக்கொண்டார்கள். வழியில் எங்கள் வீட்டில் நிறுத்தி, “அண்ணா, சூப்பர் இடம். ராத்திரி ஒரு மிருகம்கூட வரலை” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் அப்போது பெரியவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டு இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

கதை அதோடு முடியவில்லை. யானைக்கு ஒருக்கா வழி தெரிந்தால் தெரிந்ததுதான். பசங்க ஒரு ராத்திரிதான் தங்கினார்கள். யானை அதற்குப் பிறகு சித்திரைக் கடைசி வரைக்கும் என் தொட்டிக்கு வந்தது. ஒன்றரை மாசம் நானும் என் வீட்டுக்காரியும் மாற்றி மாற்றி முழித்திருந்தோம். இந்த வருசம் வாழை வைக்கவில்லை. மஞ்சளும் குச்சிக்கிழங்கும்தான்.

இதை அந்தப் பசங்களைத் திட்டுவதற்காக எழுதவில்லை. மரம் வெட்ட வந்தார்களா, வேட்டைக்கு வந்தார்களா? குப்பைகூடப் போடவில்லை. ஆனாலும் இவ்வளவு ஆனது. காரணம் ஒன்றே ஒன்றுதான். அவர்கள் படுத்த இடம் சும்மா கிடக்கிற இடம் என்று நினைத்தார்கள். மேப்பில் பார்த்தால் பச்சையாக, காலியாகத்தான் தெரியும். காட்டில் காலி இடம் என்று ஒன்று கிடையாது. பகலில் காலியாக இருக்கிற இடத்துக்கு ராத்திரி வேறு ஆள் வரும்.

இன்னொன்று இந்தப் பருவம். ‘ஸ்பிரிங் ட்ரிப்’ என்று பையன் தலைப்புப் போட்டிருந்தான். இங்கிலீஷ் படத்தில் பார்க்கிற மாதிரி பனி உருகிப் புல் முளைக்கிற வசந்தம் நம் ஊரில் இல்லை. மாசி, பங்குனியில் எங்கள் மலைக்காடு இலையை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நிற்கும். தரையெல்லாம் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல்லும், கணுக்கால் புதைகிற சருகும். நடுவில் காய்ந்த உண்ணிச்செடிப் புதர். பார்க்க அழகு இல்லை என்று சொல்லமாட்டேன். இலை இல்லாத புரசு மரம் நெருப்புக் கட்டி மாதிரி பூத்து நிற்கும், இலவம் பூத்து நிற்கும். வருசத்தில் இந்த ஒரு சமயம்தான் அதைப் பார்க்க முடியும். ஆனால் அதே சமயத்தில்தான் காடு முழுக்க ஒரு தீக்குச்சிக்குக் காத்துக்கொண்டு இருக்கும்.

குரங்கணியை மறந்திருக்க மாட்டீர்கள். 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் போடிக்குப் பக்கத்தில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டு இருந்தவர்களைக் காட்டுத்தீ சுற்றி வளைத்தது. 23 உயிர். சென்னையிலிருந்து போனவர்கள், எங்கள் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து போனவர்கள். எல்லாம் உங்கள் வயசுப் பசங்க, பொண்ணுங்க. தீ பற்றிய காட்டில் நடந்து பழகியவர்களுக்குத் தெரியும், தீ மேட்டைப் பார்த்துத்தான் வேகமாக ஓடும். கீழே எரிகிற சூடு மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காயவைத்து விடும். மத்தியானத்துக்கு மேல் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேலேதான் ஏறும். ஆள் எவ்வளவு வேகமாக மேடு ஏறினாலும் தீயை ஜெயிக்க முடியாது. அது தெரியாமல் மேட்டைப் பார்த்து ஓடினால் முடிந்தது.

அதற்குப் பிறகுதான் அரசாங்கம் மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. இப்போது வனத்துறையே 2024-ல் 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் சீட்டுப் போட்டு, வழிகாட்டியோடு கூட்டிப் போகிறார்கள். அந்தப் பாதைகளையே தீக்காலத்தில் மூடி வைக்கிறார்கள். சொந்தமாகப் பாதை போட்டு, வழிகாட்டி வைத்திருக்கிற வனத்துறையே இந்தப் பருவத்தில் ஆளை உள்ளே விடவில்லை. நாம் ஸ்பீக்கரும் அடுப்பும் எடுத்துக்கொண்டு போகலாமா? சட்டப்படியும் ரிசர்வ் காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவதும் நெருப்பு மூட்டுவதும் குற்றம். அஞ்செட்டிப் பக்கம் காவேரி வடக்கு சரணாலயம். எங்கள் பக்கம் 2024-ல் தந்தை பெரியார் சரணாலயம் வந்துவிட்டது. திம்பம், ஆசனூர் 2013-லிருந்து புலிகள் காப்பகம். பையன் குறித்து வைத்த நாலு ஓடையில் ஒன்றுகூடச் சும்மா கிடக்கிற இடம் இல்லை.

“அப்ப டென்ட்டே ஆபத்தா மாமா?” என்று கேட்டான். ஆபத்துதான். 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடிப் பக்கம், ஒரு ரிசார்ட் போட்டுக் கொடுத்த டென்ட்டில் தங்கிய ஒரு பெண்ணை யானை கொன்றது. காசு கொடுத்துத் தங்கிய இடத்திலேயே அப்படி. துணிச் சுவர் உங்களுக்குத்தான் வீடு மாதிரி தெரியும்.

இதையெல்லாம் சொல்கிற நானும் காட்டில் படுத்தவன்தான். சின்ன வயதில் கோடை லீவு விட்டால், அப்பாவோடும் சித்தப்பாவோடும் மாடு ஓட்டிக்கொண்டு பர்கூர் மலைக்குப் போவேன். மேலே பட்டி போடுவார்கள். முள் வெட்டி வட்டமாக அடைத்து, உள்ளே மாடு, ஓரத்தில் ஆள். மாசக்கணக்கில் அங்கேதான். அதற்கும் அனுமதிச் சீட்டு வாங்கணும், மாட்டுக்கு இவ்வளவு என்று பணம் கட்டணும். பர்கூர்ச் செம்மரை மாடு பார்த்திருக்கிறீர்களா? சிவப்பு உடம்பில் வெள்ளைத் திட்டு. அந்தப் பட்டியில் வளர்ந்த மாடுதான் அது.

அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் பட்டியில் அவருக்கு என்று சில சட்டம் இருந்தது, யாரும் மீறக்கூடாது. தண்ணிக்குப் பக்கத்தில் பட்டி போடமாட்டார். ஒரு கூப்பிடு தூரமாவது தள்ளித்தான். பொழுது இருக்கும்போதே தண்ணி மொண்டு வந்துவிடணும், விழுந்த பிறகு அந்தப் பக்கம் யாரும் தலை காட்டக்கூடாது. “நாம பகல்ல குடிச்சாச்சு. இனி அதுகளோட முறை” என்பார். மணல் திட்டில் படுக்க விடமாட்டார். கோடை மழை மேல்மலையில் பெய்தால், கீழே ஒரு சொட்டு விழாமலேயே பள்ளத்தில் வெள்ளம் வரும். நல்ல வெயில் நாளில் அப்படி வந்த தண்ணியை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சோறு பொழுதோடு ஆக்கி முடித்துவிடணும். அடுப்பைச் சுற்றி நாலு பாகத்துக்குச் சருகைக் கூட்டி வெறும் மண் தெரிகிற மாதிரி செய்த பிறகுதான் தீக்குச்சியைத் தொடுவார். கிளம்பும்போது சாம்பலில் தண்ணி ஊற்றிக் கிளறி, உள்ளே கையை விட்டுப் பார்ப்பார். கை சுட்டால் மறுபடி தண்ணி. உப்பு, வெல்லம், பழத்தோல் எதையும் வெளியில் விடக்கூடாது. ராத்திரியில் சத்தம் என்றால் மாட்டுக் கழுத்து மணிச் சத்தம்தான். பாட்டு கிடையாது. அப்பா நல்லாப் பாடுவார். காட்டில் பாடி நான் கேட்டதில்லை.

இவ்வளவும் செய்து, மாசக்கணக்கில் அங்கேயே கிடந்து, ஒவ்வொரு தடமும் தெரிந்தவர்களே பயந்து பயந்துதான் படுத்தார்கள். ஒரு ராத்திரிக்கு வருகிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்? தெரியாதது உங்கள் குற்றம் இல்லை. தெரியாத இடத்தில் படுக்காமல் இருக்கலாம் அல்லவா?

இப்போது எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லணும். இல்லாவிட்டால் இந்தப் பதிவு உங்களை மட்டும் குறை சொன்னது மாதிரி ஆகிவிடும். காட்டில் பற்றுகிற தீ எல்லாம் டென்ட் போட்டவர்கள் வைத்தது இல்லை. புது மழைக்குப் புல் நல்லா முளைக்கும் என்று மேய்ச்சலுக்காக வைத்த தீ உண்டு. தேனெடுக்கப் போன இடத்தில் தவறியது உண்டு. பீடித் துண்டு உண்டு. வேலியில் நேரடியாகக் கரண்ட் விட்டு யானையைக் கொன்ற பாவமும் விவசாயிகள் மேல் இருக்கிறது. சூரியசக்தி வேலி வேறு, வீட்டு லைனிலிருந்து கம்பி இழுப்பது வேறு. ரெண்டாவது கொலை. மாடு மேய்ப்பதிலும் எங்களுக்குள் சண்டை உண்டு. 2022-ல் ஹைகோர்ட் காட்டில் மாடு மேய்க்கக் கூடாது என்று சொல்லி, பிறகு சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகத்துக்குள் மட்டும் என்று மாற்றியது. எங்கள் பக்கமும் சரணாலயம் ஆனதில் பட்டிக்காரர்களுக்கு வருத்தம் ரொம்ப. அது நியாயமா இல்லையா என்று தனிப் பதிவே எழுதலாம்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே மாடு மேய்த்தவனை வெளியே வரச்சொல்லி இருக்கிறார்கள். திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரியிலிருந்து ராத்திரி 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டி விடுவது இல்லை. ஆம்புலன்ஸ் மாதிரி அவசரத்துக்கு விலக்கு உண்டு. ரோட்டில் அடிபட்டுச் சாகிற மிருகங்களைக் காப்பாற்றத்தான் இந்த உத்தரவு. தாளவாடிக்காரர்கள் கடை அடைத்துப் போராடினார்கள். தக்காளியும் முட்டைக்கோசும் சந்தைக்கு நேரத்துக்குப் போய்ச் சேரணுமே, அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. ஆனாலும் இன்றைக்கும் அந்த நேரத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் வாழ்கிறார்கள். பிழைப்புக்காக அங்கே இருக்கிறவனுக்கே ராத்திரி இல்லை என்றால், பொழுதுபோக்குக்கு வருகிறவர்களுக்கு ராத்திரி வேணும் என்பது எந்த ஊர் நியாயம்?

இதைச் சொன்னதும் பையன் கோபித்துக்கொண்டான். “அப்ப நாங்க வரவே கூடாதா மாமா? காடு உங்களுக்கு மட்டும் சொந்தமா?” என்றான். அவன் கேட்டதும் சரிதான். பட்டணத்துப் பிள்ளைகள் காட்டைப் பார்க்கணும். பார்க்காதவன் அதற்காகப் பேசமாட்டான். வீரப்பன் இருந்த காலத்தில் இந்த மலைக்கு வெளியாள் யாரும் வரமாட்டார்கள். 2004-க்குப் பிறகுதான் ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். டீக்கடை, இளநீர்க் கடை என்று பத்துப் பேர் பிழைக்கிறார்கள். நீங்கள் வருவது எங்களுக்கும் நல்லதுதான்.

அதனால் அவன் திட்டத்தை நான் அழிக்கவில்லை, திருத்தினேன். ரோடு அப்படியே இருக்கட்டும். ராத்திரிகளை மட்டும் மாற்றினேன்.

முதல் நாள்: சென்னையிலிருந்து விடியக்காலம் கிளம்பி, அஞ்செட்டிக் காட்டு ரோட்டைச் சாயங்காலம் நாலு மணிக்குள் தாண்டிவிடணும். ஒகேனக்கல்லிலோ பென்னாகரத்திலோ ரூம் எடுத்துப் படுக்கை.

ரெண்டாம் நாள்: மேட்டூர் அணை பார்த்து, அம்மாபேட்டை வழியாக அந்தியூர். நம்ம வீடு. டென்ட் போட்டே ஆகணும் என்றால் வீட்டுக்கு முன்னால் களம் இருக்கிறது, மஞ்சள் காயவைத்தது போக இடம் இருக்கும். அங்கே போட்டுக்கொள்ளலாம். நாய் ரெண்டு காவல்.

மூணாம் நாள்: காலையில் சாப்பிட்டுவிட்டு வெயிலோடு பர்கூர் மலை. வரட்டுப்பள்ளம் அணைப் பக்கம் வண்டியை மெதுவாக விட்டால் தண்ணிக்கு வந்த யானை காரிலிருந்தே தெரியலாம். தாமரைக்கரையில் நிறுத்தி டீ. பர்கூரில் மாடு பாருங்கள். கர்கேகண்டி தாண்டி, இருட்டுவதற்குள் சாம்ராஜ்நகர். டவுனிலேயே படுக்கை.

நாலாம் நாள்: காலையில் ஆசனூர், திம்பம். 27 கொண்டை ஊசி வளைவு, இறங்கும்போது செகண்ட் கியர் போதும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீங்க, சூடாகிப் பிடிக்காமல் போய்விடும். கீழே பண்ணாரி. பங்குனியில் பண்ணாரி அம்மன் குண்டம் வரும். லட்சக்கணக்கில் ஜனம் கூடும். தேதி பார்த்துக்கொண்டு கிளம்புங்கள், இல்லாவிட்டால் ரோட்டிலேயே நாள் போய்விடும்.

ஓட்டும்போது யானை ரோட்டில் நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் அடிக்காதீங்க, லைட் அடிக்காதீங்க, இறங்கவே இறங்காதீங்க. பின்னால் போக இடம் வைத்துக்கொண்டு நில்லுங்கள். அது தானாகப் போகும். குரங்குக்கு ஒன்றும் போடாதீங்க. தின்பதற்காக ரோட்டுக்கு வந்து பழகி, வண்டியில் அடிபட்டுச் சாகிறது. கண்ணாடி பாட்டிலைக் காட்டுப் பக்கமே கொண்டுவராதீங்க. உடைந்த கண்ணாடி யானைக் காலில் ஏறினால், அது அத்தனை எடையையும் அந்தப் புண் மேலேயே வைத்து நடக்கணும். நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, திருப்பிக் கொடுத்தால் காசு தருகிற ஏற்பாடு 2022-ல் கோர்ட் சொல்லித்தான் வந்தது.

காட்டிலேயே தங்கித்தான் ஆகணும் என்கிறவர்களுக்கு, வனத்துறையே நடத்துகிற தங்கும் இடங்கள் இருக்கின்றன. முன்கூட்டியே பதிவு பண்ணிக்கொண்டு, திறந்திருக்கும் மாசத்தில் வாங்க. என்னைக் கேட்டால் மார்கழி, தை. மழை முடிந்து மலை பச்சையாக இருக்கும், எல்லாப் பள்ளத்திலும் தண்ணி ஓடும். மிருகங்கள் ஒரே மடுவை நம்பி இருக்காது. நீங்கள் ஓர் இடத்தில் நின்றால் அது வேறு இடத்தில் குடித்துக்கொள்ளும்.

முந்தாநாள் பையன் மறுபடி பேசினான். திருத்திய திட்டத்தைக் குரூப்பில் போட்டானாம். “காட்டுல தங்காம எதுக்குடா காட்டு ட்ரிப்பு?” என்று ரெண்டு பேர் விலகிவிட்டார்கள். அவனும் மூணு பேரும் வருகிறார்கள். குரல் கொஞ்சம் சுருங்கித்தான் இருந்தது. “ராத்திரியில காட்டுச் சத்தம் கேக்கணும்னு ஆசைப்பட்டோம் மாமா, அது மட்டும்தான் வருத்தம்” என்றான்.

நம்ம களத்தில் படுத்துக் கேளு கண்ணு என்றேன். பத்து மணிக்கு மேல் ஊர் அடங்கிவிடும். மான் கத்துவது கேட்கும். மேல்காட்டில் கிளை ஒடிகிறதும், கொஞ்ச நேரம் கழித்து மடுவில் தண்ணி அலம்புகிற சத்தமும் கேட்கும். அந்தச் சத்தம் மடுப் பக்கமிருந்து வந்தால்தான் நானும் என் வீட்டுக்காரியும் திரும்பிப் படுத்துத் தூங்குவோம். தொட்டிப் பக்கமிருந்து வந்தால் அன்றைக்கு ராத்திரி யாருக்கும் தூக்கம் இல்லை.

நீங்களும் வருவதாக இருந்தால் முன்னாடியே சொல்லிவிட்டு வாங்க. களத்தில் இடம் இருக்கிறது. மடுப் பக்கம் மட்டும் கேட்காதீங்க.